மறு: 'டிஜிட்டல் டிவைட்' – இடைவெளியா, ஓரங்கட்டலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கணினியும் இணையமும் எட்டியவர்களுக்கும் எட்டாதவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் 'டிஜிட்டல் டிவைட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'மின்னிலக்க இடைவெளி' என்றே முடித்துவிடலாம் என்று நம் குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்தார். 'டிஜிட்டல்' என்பதற்கு எண்ணிமமா, மின்னிலக்கமா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. மலேசியாவில் மின்னிலக்கம் பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்கிறேன். எனக்கு இடறுவது இரண்டாவது சொல்தான்.

இடைவெளி அளக்கிற சொல். 1995-இல் அமெரிக்க வணிகத் துறை, எந்தெந்த வீடுகளில் தொலைபேசியும் கணினியும் இல்லை என்று கணக்கு வெளியிட்டது. அதற்கு இந்தச் சொல் சரி. 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருப்பதாக 2024-இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மதிப்பிட்டதே, அதற்கும் சரி. 2020-இல் நம் மலேசியக் கல்வி அமைச்சு எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை. அதற்கும் சரி. 'இயங்கலை (ஆன்லைன்) வகுப்பு' என்ற சொல் எல்லார் வாயிலும் ஏறிய அதே ஆண்டு அது.

ஆனால் இங்கே சுங்கை சிப்புட்டில், எங்கள் பின் தெருப் பாட்டிக்கு நடந்ததை இடைவெளி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பர் போய் செம்பனை வந்தபோது லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை விட்டு டவுனுக்கு வந்தார். உதவித்தொகைக்கு முன்பெல்லாம் கவுண்டரில் வரிசை பிடித்து, பாரத்தில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வருவார். இப்போது எல்லாம் இயங்கலையில். போன மாதம் என் கணினி முன் உட்கார்ந்தோம். உள்ளே நுழைவதற்கான ஆறு இலக்க எண் அவருடைய பட்டன் கைப்பேசிக்கு வந்தது. முந்தானையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, ஒவ்வோர் எண்ணாக அவர் வாசித்து முடிப்பதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது. மூன்றாவது முறை கணக்கே பூட்டிக்கொண்டது. "வரிசையில நின்னப்ப நானும் ஒரு ஆளா இருந்தேன்யா, இப்ப ஓரங்கட்டிட்டாங்க" என்றார்.

கைப்பேசி அலையும் இருந்தது, கைப்பேசியும் இருந்தது. அவரைக் கணக்கில் வைக்காமல் யாரோ ஒரு முறையை வகுத்துவிட்டார்கள். 'ஒதுங்கல்' என்று சென்ற வாரம் வந்த பரிந்துரையை நான் ஏற்காததும் இதனால்தான். ஒதுங்கல் தன்வினை, பாட்டி தானாக ஒதுங்கியதுபோல் ஆகிவிடும். ங்க என்பதை க்க ஆக்கி 'ஒதுக்கல்' என்றால் பிறவினை, பொருள் நேராகிறது. ஆனால் அலைக்கற்றை ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு என்று இதே துறையில் அந்த வேர் ஒருவருக்குக் கொடுப்பதைக் குறிக்கிறது. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் குழம்புவார்.

எனவே பாட்டி சொன்னதையே முன்வைக்கிறேன்: மின்னிலக்க ஓரங்கட்டல். வண்டியை ஓரங்கட்டினாலும் ஆளை ஓரங்கட்டினாலும், செய்கிறவர் ஒருவர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். ஓரங்கட்டப்பட்டோர், ஓரங்கட்டும் முறை என்று கிளைச்சொற்களும் சிக்கலில்லாமல் வருகின்றன. பேச்சுச் சொல்லாயிற்றே என்று சிலர் தயங்கலாம். சிங்கப்பூரின் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' நிலைத்ததற்கு, 'இணை' எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இடைவெளியைக் கைவிடச் சொல்லவில்லை. புள்ளிவிவரத்துக்கு அது இருக்கட்டும்.

ஒரு வாக்கியத்தில் பொருத்திப் பார்த்தேன்: '2021 இறுதியில் மலேசியாவில் 3ஜி அலை நிறுத்தப்பட்டபோது பழைய கைப்பேசிக்காரர்கள் ஓரங்கட்டப்பட்டனர்.' இதையே இடைவெளி வைத்து யாராவது எழுதிக் காட்டுங்கள். அப்புறம், செய்தித்தாளில் இருப்பவர்கள் தலைப்பில் இது நீளமாகுமா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து