ஆறு பட்டாச் சேவலில் (இளஞ்சேவலில்) எதை வைத்துக்கொள்வது?

தோட்டத்துக்காரன்:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் தோட்டத்தில் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பெட்டை பதினொன்று. கிழச் சேவலைப் போன மாதம் நாய் பிடித்துவிட்டது. இரண்டு அடையில் பொரித்ததில் சேவல் மட்டும் ஏழு, எல்லாம் நாலரை மாதம். ஒன்று கருப்பனுக்கு நேர்ந்துவிட்டது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மீதி ஆறில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்கப்போகிறேன். செவலை ஒன்று நல்ல உயரம், முதலில் கூவியதும் அதுதான், மற்றதையெல்லாம் விரட்டுகிறது. அதையே விட்டுவிடலாமா?

கொங்குக்காரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? செவலைதான். ஒரே தீனி, ஒரே மேய்ச்சல், அதில் ஒன்று மட்டும் முந்துகிறதென்றால் அது ரத்தத்தில் இருக்கிறது. குஞ்சும் சீக்கிரம் எடை ஏறும். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் எடுக்கிறோம்.

மொட்டைமாடிக் கோழி:
தம்பி, இரண்டு அடையும் ஒரே நாளில் பொரித்ததா?

தோட்டத்துக்காரன்:
இல்லைக்கா. செவலை முதல் அடை. எட்டு நாள் மூப்பு.

மொட்டைமாடிக் கோழி:
அதைத்தான் கேட்டேன். எட்டு நாள் மூத்தது உயரமாக இருப்பதில் என்ன அதிசயம்? குஞ்சிலேயே தீனித் தட்டில் முதல் இடம் பிடித்திருக்கும், மற்றது மிச்சத்தைத் தின்றிருக்கும். சரி, அது மனிதர்களிடம் எப்படி? போன சேவலை நானும் உயரம் பார்த்துத்தான் வைத்தேன். ஒரு வயதில் என் மகள் முதுகில் பாய்ந்தது. பள்ளிச் சட்டை கிழிந்து, கால் முள் இறங்கிய இடம் இன்னும் தழும்பாக இருக்கிறது. அன்று மாலையே குழம்பு.

கொங்குக்காரன்:
அக்கா, மாடியில் நாலு கோழி வளர்ப்பது வேறு. தோட்டத்தில் கீரி வரும், பருந்து வரும். சாதுச் சேவலை வைத்து என்ன செய்வது?

மொட்டைமாடிக் கோழி:
ஆளைப் பாய்வதும் காவல் காப்பதும் ஒன்றா? நல்ல சேவல் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். பருந்துக்கு ஒரு சத்தம், தரையில் வரும் பூனைக்கு வேறு சத்தம். முதல் சத்தத்துக்குக் கோழிகள் அப்படியே பதுங்கும், மற்றதற்குத் தலைதூக்கி நிற்கும். கீரியோடு சண்டை போட்டு ஜெயிக்கிற சிறுவிடையை நான் பார்த்ததில்லை.

தம்பி, ஒரு கைப்பிடி கம்பை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அவசரமாக முழுங்குவது எது, ஒன்றைக் கொத்திக் கீழே போட்டு ‘கொக் கொக்’ என்று பெட்டையைக் கூப்பிடுவது எது என்று தெரிந்துவிடும். ஆனால் செவலையைப் பஞ்சாரக் கூடையில் மூடிவிட்டுப் போடுங்கள். பெரியது பக்கத்தில் இருந்தால் மற்றது வாயைத் திறக்காது.

பழைய கை:
இருவரும் தள்ளி நின்றே பார்க்கிறீர்கள். ராத்திரி அடைந்த பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். நெஞ்செலும்பு நேராக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அலகு மேலும் கீழும் பொருந்த வேண்டும், கால்விரல் வளைந்திருக்கக் கூடாது. அப்புறம், தாய் எது? ஒரு பெட்டையின் குறை அதன் அடையோடு போகும். சேவலின் குறை தோட்டத்துக் குஞ்சு எல்லாவற்றிலும் பாதி இருக்கும். முட்டையும் அடைக் குணமும் வேண்டுமென்றால் நன்றாக அடை படுக்கிற தாயின் மகனை எடுங்கள்.

வைகைக் கரை:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறுமே அண்ணன் தம்பிதானே? அக்கா தங்கையோடு சேரவிட்டு இரண்டு மூன்று தலைமுறை போனால் பொரிப்பு குறையும், குஞ்சு சோனியாக வரும். ஆறையும் விற்றுவிட்டு வெளியூர்ச் சேவல் ஒன்று வாங்குங்கள்.

பழைய கை:
வாங்கலாம். சந்தையில் மட்டும் வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படி வாங்கிய சேவலை அன்றைக்கே கூட்டத்தில் விட்டேன். பத்து நாளில் வெள்ளைக்கழிச்சல், பதினான்கு கோழி போயின. தெரிந்தவரோடு மாற்றிக்கொண்டாலும் ஒரு மாதமாவது தனியாக அடைத்து வையுங்கள்.

கொங்குக்காரன்:
ஆக, யாரும் செவலையை வேண்டாம் என்று நிரூபிக்கவில்லை.

தோட்டத்துக்காரன் (மூன்று நாள் கழித்து):
பார்த்துவிட்டேன். செவலைக்குக் கையில் ஒரு குறையும் இல்லை, நெஞ்செலும்பு ஈர்க்கு மாதிரி நேர். ஆனால் கம்பு போட்டால் தானே தின்கிறது, வந்த பெட்டையைக் கொத்துகிறது. பஞ்சாரத்தில் மூடியதும் சாம்பல் நிறத்தில் ஒன்று முன்னால் வந்தது. நான் அதை இதுவரை கவனித்ததே இல்லை. ஒரு மணியைக் கொத்தி, போட்டு, மறுபடி கொத்தி, போட்டு, மூன்று பெட்டைகள் ஓடிவந்தன. கூவுவது இன்னும் தகர டப்பாவை இழுக்கிற மாதிரிதான் இருக்கிறது. இரண்டாம் அடை, தாய் கருப்புப் பெட்டை. போன தடவை பன்னிரண்டு வைத்து பதினொன்று பொரித்தவள்.

மொட்டைமாடிக் கோழி:
அப்புறம் என்ன?

கொங்குக்காரன்:
நாலரை மாதத்தில் எந்தச் சேவல் பெட்டைக்கு ஊட்டும்? செவலைக்கு எட்டு மாதம் வரை நேரம் கொடுங்கள், அதுவும் கூப்பிடும். இரண்டையும் வையுங்கள். பதினொரு பெட்டைக்கு இரண்டு சேவல் பெரிய பாரமில்லை.

பழைய கை:
இரண்டை வைத்தால் பெட்டைகளின் முதுகைப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். இன்னொன்று: இத்தனை நாளாக ஆறும் கூட்டத்தில் சுற்றியிருக்கின்றன. பெட்டையோடு சேர்ந்தது எதுவென்று இப்போது சொல்ல முடியாது. மற்றதைப் பிரித்து மூன்று வாரம் கழித்து எடுக்கிற முட்டையைத்தான் அடைக்கு வைக்க வேண்டும். அதுவரை ஆம்லெட்.

தோட்டத்துக்காரன்:
சாம்பலை மட்டும் விடுகிறேன். அடுத்த வருடம் வைகைக் கரை அண்ணன் சொன்னபடி வெளியூர்ச் சேவலுக்கு மாற்றிக்கொள்கிறேன். செவலையை ஞாயிற்றுக்கிழமை விற்றுவிடுவேன்.

கொங்குக்காரன்:
விற்க வேண்டாம், எனக்குக் கொடுங்கள். எந்த ஊர் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், பஞ்சாரத்தோடு வருகிறேன்.