நட்சத்திரப் பூவும் ஈக்களும்: அடையாளம் காண உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். குறைந்த நீரில் வளரும் செடிகள் மட்டுமே உள்ள என் வீட்டுத் தோட்டத்தில், இலையற்ற நாற்பட்டைத் தண்டுகள் கொண்ட ஒரு சதைப்பற்றுச் செடி முதன்முறையாகப் பூத்திருக்கிறது. பலூனைப் போல் உப்பியிருந்த மொட்டு ஐந்து முனைகளாகப் பிளந்து, ஏறத்தாழ 25 செ.மீ. அகல நட்சத்திரமாக விரிந்தது. வெளிர்மஞ்சள் நிறப் பரப்பில் செந்நிறக் குறுக்குக் கோடுகளும் மெல்லிய மயிர்களும் தெரிகின்றன. வாடையோ அழுகிய இறைச்சியேதான் (சன்னலருகே தொட்டியை வைத்தது என் தவறு). அதை நம்பி வந்த ஈக்கள் பூவின் நடுவில் முட்டைகளையும் இட்டுச் சென்றுள்ளன.

ஈக்களை ஏமாற்றி மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொள்ளும் ஸ்டபீலியா ஜைஜான்டியா என்றே கருதுகிறேன். ஆயினும் ஸ்டபீலியா ஹிர்சுட்டாவும் மயிரடர்ந்த பூவுடையது என்பதால், நிறத்தையும் அளவையும் மட்டும் வைத்து முடிவு செய்யலாமா என்பதை வளர்த்துப் பழகியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பஞ்சிழையுடன் பறக்கும் விதைகள் கொண்ட இரட்டைக் காய்களை எதிர்பார்க்கிறேன். காய்களை முற்ற விட்டால் தாய்ச்செடி தளருமா? இரண்டு தண்டுகளின் அடிப்பகுதி சற்று மென்மையாகியிருப்பதால், பூத்திருக்கும்போதே நீரை முற்றிலும் நிறுத்தலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.