சுத்தாமக் கிடந்த கைத் தையல் மெசின்: உங்களுக்கு என்ன நடந்தது?

நிலாவெளி:
அம்மம்மாவின்ர சிங்கர் 128. 2004இல கடல் வந்தண்டு தண்ணிக்குள்ள கிடந்து, பிறகு பத்திக்குள்ள மூலையில. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்கச் சக்கரம் இளகிச்சுது, ஆனா அரைச்சுத்து வந்து ஒரே இடத்தில இறுகி நிக்கும். ஊசியையும், கீழ்நூலைக் கொண்டோடுற ஷட்டிலையும் கழட்டி, மெசினைச் சரிச்சு டோர்ச் அடிச்சன். ஷட்டில் ஆடுற தடத்தில நகத்தளவு சிப்பித்துண்டு. கிளறி எடுத்தன், சக்கரம் முழுசாச் சுத்திச்சுது. பாத்துக்கொண்டு நிண்ட அம்மா ஒண்டும் சொல்லேல்லை. சிப்பியை என்ர கையால வாங்கிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா. என்ன செய்தவவெண்டு கேக்க இன்னும் வாய் வரேல்லை.

உவர்மலை:
மண்ணெண்ணெயோட விட்டிடாதேங்கோ. அது பழைய பிசினைக் கரைக்கும், அவ்வளவுதான். காய்ஞ்சால் இரும்பு வெறுமையாக் கிடந்து திரும்பத் துருப்பிடிக்கும், அதுவும் எங்கட கடற்காத்துக்கு. துடைச்சுப்போட்டு ஒவ்வொரு எண்ணெய்த் துளைக்கும் மெசின் எண்ணெய் விடோணும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட இறுகிப் பசையாப் போகும். ஸ்பிரிட்டும் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. மேல்பூச்சு அரக்கு, ஸ்பிரிட்டில கரையும். எங்கட பெரியம்மாவின்ர மெசினை ஒருத்தர் ஸ்பிரிட் துணியால துடைக்க, தங்கப்பூ முழுக்கத் துணியில வந்திட்டுது. பெரியம்மா அந்தத் துணியைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ.

கிண்ணியா:
2009இல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி, உம்மா மெசினைப் பாதையில, அதான் ஆக்களை அக்கரைக்கு ஏத்திப் போற மிதவையில, ஏத்தித்தான் டவுனுக்குக் கொண்டு போனா. சக்கரம் சுத்துது, ஊசி இறங்கல்ல. கடைக்காரர் தொட்டும் பார்க்காம, "இது சரிவராது, விலைக்குத் தாங்க"ன்னார். உம்மா ஒரு வார்த்தை பேசாம மெசினைத் தூக்கி இடுப்பில வெச்சிட்டு நடந்திட்டா. அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் ஆறல்ல.
குறை வாஷர்லதான் இருந்திருக்கு. சக்கரத்து நடுவில இறுக்கிற வட்டத்தைக் கழட்டினா, உள்ள காது வெச்ச ஒரு வாஷர் இருக்கும். அதை அரைவட்டம் திருப்பிப் போட்டதும் பிடிச்சிட்டு. பிறகு ராத்தாட கலியாண உடுப்பெல்லாம் அதிலதான் தைச்சா.

பாலையூற்று:
கிண்ணியாத் தங்கச்சி, வாஷர் சரி. ஆனா வாங்கக் கேட்டவரெல்லாம் ஏமாத்த வந்தவரில்லை. ஸ்கொட்லாந்தில சிங்கரின்ர கிளைட்பாங்க் ஃபக்டரியை 1980இலயே மூடிட்டினம். ஒரு மெசினைக் கழட்டித்தான் இன்னொண்டுக்கு உயிர் குடுக்க வேண்டியிருக்கு, நானும் அப்பிடித்தான் செய்யிறன். அதுக்காகத் தொட்டுப் பாக்காமல் சரிவராதெண்டு சொன்னது பிழைதான்.
ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். பழைய சிங்கர் 28, 128 வாங்கப் போறவை முதலில ஊசிக்குக் கிட்ட இருக்கிற தகட்டை இழுத்து, ஓடம் மாதிரி ஷட்டிலும் உள்ளுக்கு நீட்டுப் பொபினும் இருக்கோ பாருங்கோ. ஷட்டில் நுனியில விரலை ஓட்டுங்கோ, சொரசொரத்தால் நூல் அறும். நூல் சுத்திற ரப்பர் வளையம் காய்ஞ்சு வெடிச்சிருந்தாப் பறவாயில்லை, மாத்தலாம். ஷட்டில் இல்லாட்டில், பெட்டி எவ்வளவு வடிவா இருந்தாலும் காசைக் குடுக்காதேங்கோ.