சத்துவாச்சாரி வீட்டார்: பாப்பாவின் முதல் பைக்

பாப்பா: ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 பைக் பார்த்துவிட்டு வந்தேன். ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் போய்வரச் சரியாக இருக்குமா மாமா?

பெரியப்பா: கியர் வண்டி எதற்கம்மா? ஸ்கூட்டர் போதாதா?

ஆற்காடு அத்தை: ஏன் அண்ணா, உங்கள் பையன் பதினெட்டு முடிந்ததும் கேட்டானே, அவனுக்கு ஏன் ஸ்கூட்டர் சொல்லவில்லை?

காட்பாடி மாமா: நல்ல வண்டிதான். ஆனால் 181 கிலோ. ஓடும்போது தெரியாது, தள்ளும்போது தெரியும். உங்கள் வாசல் மேட்டில் அதைப் பின்னால் இழுத்துத் திருப்ப உன்னால் முடியுமா? ஸ்பிளெண்டர் 112 கிலோதான்.

பாப்பா: கால் தரையில் எட்டுகிறதே மாமா. சீட் உயரம் 790 மி.மீ.தான்.

காட்பாடி மாமா: ஷோரூம் தரை சமதளம். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஒற்றைக்கால் ஊன்றி நிற்கையில் வண்டி சாய்ந்தால் தாங்குவாயா? உயரம் ஒன்றே கணக்கில்லை. சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து, குதிகால் தூக்கிவிடும். இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும்.

அண்ணன்: ஸ்பிளெண்டர் எல்லாம் தாத்தா வண்டி. ரெய்டர் 125 பார். 123 கிலோ, சீட் 780.

பெரியப்பா: தாத்தா வண்டியா? நீ ஓட்டிப் பழகியது எதில்?

காட்பாடி மாமா: ரெய்டர் பொருத்தம்தான். ஏபிஎஸ், அதாவது பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு, இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார். 125 சிசிக்கு மேல் 2019 ஏப்ரலிலிருந்தே அது கட்டாயம். 125-லும் சில மாடல்களில் வருகிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிவிடுவார்கள். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவதுதான். விலை கூடினாலும் அதையே எடு.

ஆற்காடு அத்தை: ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போடாதே பாப்பா. சாலை வரியும் 5 வருட மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்துவிடும். நல்ல ஹெல்மெட்டுக்கும் எடுத்து வை.

காட்பாடி மாமா: அது இருக்கட்டும், லைசென்ஸுக்கு எந்த வண்டியில் எட்டு போட்டாய்?

பாப்பா: அம்மாவின் ஸ்கூட்டரில்.

காட்பாடி மாமா: அப்படியானால் அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். புதிதாக எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து, 30 நாள் கழித்துக் கியர் வண்டியில் மறுபடி எட்டு போட வேண்டும்.

பாப்பா: ஐயோ! அதுவரை எதில் பழகுவது?

பெரியப்பா: எல்.எல்.ஆர். கைக்கு வரட்டும். என் ஸ்பிளெண்டர் சும்மாதான் நிற்கிறது. விடியற்காலையில் கோட்டை மைதானத்தில் நானே சொல்லித் தருகிறேன். ஷூ போட்டுக்கொண்டு வா.

ஆற்காடு அத்தை: அண்ணாவா இது!

பெரியப்பா: பெட்ரோல் அவள் போட வேண்டும்.