குட்டியா ஒரு கவலை ஏத்தம் செஞ்சேனுங்க. உங்க மினியேச்சர் அனுபவத்தையும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு காங்கேயம் பக்கம், வேலை கோயமுத்தூர்ல. போன பொங்கலுக்கு முன்னாடி ஒரு மூணு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து ஒரு கவலை ஏத்தம் செஞ்சேன், மேசை மேல வெக்கற அளவுக்கு. கவலைன்னா என்னன்னு தெரியாத பொடுசுகளுக்காக சொல்றேன், மோட்டார் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாட்டக் கட்டி தோல் சால்ல கெணத்துத் தண்ணி எறைச்சாங்கல்ல, அதுதான். மேல ஒரு உருளை, அதுல வடக்கயிறு. கெணத்து விளிம்புல கீழ ஒரு உருளை, அதுல வால்கயிறு. மாடு வாரியில, அதான் மாடு போயி வர்ற தடத்துல, முன்னாடி நடந்தா சால் மேல வரும், மேல வந்ததும் வால்கயிறு இழுத்து சாலோட அடியில இருக்கற தோல் வால் தொட்டிக்குள்ள நீண்டு தண்ணி தானா கொட்டும். ஆள் கை வெக்க வேண்டியதே இல்ல. இத யோசிச்சவன நெனச்சா எனக்கு இன்னும் மலைப்பா இருக்குது.

அளவு ஒண்ணுக்குப் பன்னெண்டு. பொம்மை வீடு செய்யறவங்க உலகம் பூரா பெரும்பாலும் இந்தக் கணக்குலதான் செய்யறாங்க, ஒரு அடிக்கு ஒரு இஞ்சுன்னு வெச்சா முடிஞ்சுது. இங்கிலாந்துல விண்ட்சர் கோட்டையில மேரி ராணிக்குன்னு 1921ல இருந்து 1924 வரைக்கும் கட்டுன பொம்மை வீடு ஒண்ணு இருக்குது, புதுடெல்லிய டிசைன் பண்ணுன லட்யன்ஸ்தான் அதுக்கும் டிசைன், அதுவும் இதே அளவுதான், அதுல கொழாய்ல தண்ணி வரும், லைட் எரியும். நம்மூரு ஆசாரிமாரும் இன்னும் அடி இஞ்சுலதான பேசறாங்க, அதனால எனக்கு அளவு கேட்டு வாங்கறது சுலபமாப் போச்சு.

உருளைக்கு பூவரசங்கட்டை, சாலுக்கு பழைய மணிபர்சு தோல், வடத்துக்கு தையல் நூல ஆறு இழை சேத்து முறுக்குனது. மாடு ரெண்டும் களிமண்ணு, மயிலை ஒண்ணு செவலை ஒண்ணு, நாலரை இஞ்சு ஒசரம், திமில் மட்டும் எட்டு தடவை அழிச்சு செஞ்சேன். அளவுதான் பெரிய சிக்கல். எங்க தோட்டத்துக் கெணறு நாப்பதடி, அப்போ மாடலுக்கு நாப்பது இஞ்சு ஆழம் வேணும், மேசைய ஓட்டை போட்டாத்தான் ஆகும். சரின்னு மேல பத்தடிய மட்டும் ஒரு பொட்டிக்குள்ள செஞ்சு அடியில கண்ணாடி வெச்சுட்டேன், எட்டிப் பாத்தா ஆழம் தெரியும்.

எல்லாம் முடிச்சு ஆசையா சால்ல தண்ணி ஊத்துனா தண்ணி கொட்டவே இல்லீங்க. வாயில முத்து மாதிரி நின்னுக்கிச்சு. நாம மரத்த சுருக்கலாம் தோல சுருக்கலாம், தண்ணிய சுருக்க முடியாது, சொட்டு எப்பவும் ஒரே சைசுதான். தண்ணி மேல தோல் மாதிரி ஒரு இழுவிசை இருக்குதில்ல, பெரிய சால்ல அது இருக்கறதே தெரியாது, குட்டி சால்ல அதுதான் எல்லாமே. ஒரு துளி சோப்புத் தண்ணி கலந்தா கொஞ்சம் எறங்குது, ஆனா கண்ணுக்கு அது தண்ணியாத் தெரியல. கடைசியில தெளிவான ரெசின் ஊத்தித்தான் தண்ணி ஓடற மாதிரி செஞ்சேன்.

பொங்கலன்னிக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போயி அப்புச்சி கட்டில் பக்கத்துல வெச்சேன். அப்புச்சிக்கு எம்பத்தெட்டு வயசு, பேச்சு கொறஞ்சு போச்சு, கேட்டா ம்ம்னு சொல்லுவாரு அவ்வளவுதான். ஒரு அஞ்சு நிமிசம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்பறம் வெரலை நீட்டி வாரியத் தொட்டு, "ஏங்கண்ணு, வாரி மட்டமா இருக்குது? தண்ணி எடுக்கறப்போ மாடு எறங்கோணும், அப்பத்தான் அதும்பட வெயிட்டே சால இழுக்கும். கெணத்துல எத்தன அடியோ வாரியில அத்தன அடி வேணும்"னாரு. நான் தரைய மட்டமா செஞ்சிருந்தேன், படத்துல பாத்து செஞ்சது, சரிவு படத்துல தெரியல. அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் பேசுனாருங்க. ரெண்டு மாட்டோட பேரு, எது எடப்பக்கம் கட்டறது, வெடியக்காலம் எத்தன மணிக்குப் பூட்டுனாங்க, எல்லாம். எங்கம்மாவே அதெல்லாம் மொத தடவையாக் கேக்கறேன்னு சொன்னாங்க.

உங்களுக்கும் இப்புடி ஏதாச்சும் நடந்திருந்தா எழுதுங்க, செஞ்சதுதான்னு இல்ல, பாத்தது, வாங்குனது, போட்டோ எடுத்தது எதுன்னாலும்.

*

நான் மேட்டுப்பாளையமுங்கண்ணா. உங்க தண்ணிக் கதைய படிச்சதும் எனக்கு எங்க மலை ரயிலுதான் ஞாபகம் வந்துச்சு. பொறந்ததுல இருந்து அந்த விசில் சத்தத்துலதான் முழிச்சிருக்கேன், அத ஒண்ணுக்கு எம்பத்தேழுல செய்யோணும்னு ஒரு வெறி. ரயில் மாடல் செய்யறவங்க அதிகம் பொழங்கற அளவு அது, எச்ஓ னு சொல்லுவாங்க. அதுல சாதாரண தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர் அகலம், ஆனா நம்மளுது மீட்டர் கேஜ், அதுக்கு பன்னெண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் தனியா இருக்குது.

மொதல்ல முழு லைனையும் செய்யலாம்னு கணக்குப் போட்டேன். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், எம்பத்தேழால வகுத்தா ஐநூறு மீட்டருக்கு மேல வருது, எங்க வீதியே பத்தாது. அப்பறம்தான் ஹில்குரோவ் ஸ்டேஷன் ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டேன், தண்ணி புடிக்க நிப்பாங்கல்ல, கொரங்கு வந்து கையில இருக்கற வடைய புடுங்குமே அந்த எடம். கல்லாறு தாண்டி குன்னூர் வரைக்கும் நடுவுல பல்லுத் தண்டவாளம், ஏத்தம் பன்னெண்டு அடிக்கு ஒரு அடி. இஞ்சின் பொட்டிக்குப் பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டுப் போகும், மேல போறப்ப இழுக்காது. தெரியாம நான் இஞ்சின முன்னாடி வெச்சுட்டேன், லோகோ ஷெட்டுல வேலை பாத்து ரிட்டையர் ஆன பக்கத்து வீட்டு மாமா பாத்ததும் ஒண்ணும் பேசாம கையாலயே எடுத்து பின்னாடி மாத்தி வெச்சுட்டுத்தான் உக்காந்தாரு.

பல்லு ரெண்டு பட்டை, ஒண்ணோட பல்லு இருக்கற எடத்துல இன்னொண்ணுல பள்ளம் வரும், அப்பத்தான் எப்பவும் ஏதாச்சும் ஒரு பல்லு புடிச்சிருக்கும். எம்பத்தேழு மடங்கு சுருக்குனா அந்தப் பல்லு கண்ணுக்கே தெரியல, அதனால கொஞ்சம் பெருசாத்தான் வெட்டி வெச்சேன். அளவு தப்புதான், ஆனா பாக்கறவங்களுக்கு அது பல்லுன்னு தெரியோணும். பொகையும் அப்புடித்தான், நெசப் பொகை விட்டா ஊதுவத்தி மாதிரி நூலா போகுது, இலவம் பஞ்சப் பிச்சு கருப்பு மை தொட்டு வெச்சப்பறம்தான் இஞ்சின் மூச்சு விடற மாதிரி இருந்துச்சு. 1899ல குன்னூர் வரைக்கும் வந்து 1908ல ஊட்டிக்குப் போன ரயிலுங்க, எங்க வீட்டு ஷோகேஸ்ல நிக்கறத பாக்கறப்போ நெஞ்சு நெறையுது.

*

திருப்பூர்ல இருந்து எழுதறேன். தண்ணியும் பொகையும் சுருங்காதுன்னு மேல சொன்னது துணிக்கும் பொருந்துமுங்க. என்ற பொண்ணு வெச்சிருக்கற ஆறு இஞ்சு பொம்மைக்கு கட்டிங் வேஸ்ட்டுல ஒரு பனியன் தெச்சேன். நாள் பூரா பனியன்லயே கெடக்கறவ, இது ஒரு வேலையான்னு நெனச்சேன், மாட்டி விட்டா பொம்மை சாக்கு போத்துன மாதிரி நின்னுச்சு. துணி அரை மில்லிமீட்டர் கனம்னா பன்னெண்டு மடங்குக்கு ஆறு மில்லிமீட்டர் ஆகுது, அப்பறம் எப்புடி தொங்கும். பழைய மல் வேட்டிய எடுத்து, கஞ்சியில நனைச்சு, மடிப்ப குண்டூசி வெச்சுப் புடிச்சு காய வெச்சுப் பாருங்க, துணி நெசமா ஒடம்புல விழுந்த மாதிரி இருக்கும். காங்கேயத்து அண்ணாவுக்கு உதவும்னு சொல்றேன்.

*

எனக்கு இருக்கற ஒரே மினியேச்சர் எங்க அம்மாயி குடுத்த பித்தளைச் சொப்பு, அதுல இடியாப்பம் மாதிரி சந்தகை புழியற அச்சு ஒண்ணும் உண்டு, சுண்டுவெரல் ஒசரம். கோபியில எங்க வீட்டுல நோம்பின்னா சந்தகை, அன்னிக்கு எனக்கும் ஒரு கொழுக்கட்டை அளவு மாவு தருவாங்க, நானும் புழிவேன். மாவு வராது. அம்மாயி தண்ணி தெளிச்சு எளக்கிக் குடுப்பாங்க, அப்பறம் வரும், நூலு நூலா. அத அவங்களுக்குத்தான் ஊட்டுவேன். இப்போ அச்சு இருக்குது.

*

பொள்ளாச்சி. நான் போட்டோ ஆளுங்க, எனக்கு இது தலைகீழா வந்துச்சு. மருதமலை மேல இருந்து ஊர ஒரு படம் எடுத்து, எடிட்டிங்ல நடுவுல ஒரு பட்டைய மட்டும் தெளிவா விட்டு மேலயும் கீழயும் மங்கலாக்குனேன், பஸ்சும் வீடும் அப்புடியே பொம்மை ஆயிருச்சு. இதுக்குன்னே டில்ட் ஷிப்ட்னு லென்சு இருக்குது, அது வெலை நமக்குக் கட்டாது. ஏன் அப்புடி தெரியுதுன்னா, ஒரு பொருள நெம்ப கிட்ட வெச்சு எடுத்தாத்தான் முன்னாடியும் பின்னாடியும் அவ்வளவு மங்கும், நம்ம மனசுக்கு அது பழக்கம், அதனால மங்கலப் பாத்ததும் இது கிட்ட இருக்கற சின்னப் பொருள்னு முடிவு பண்ணிருது.

அப்போ உங்க கவலை நெசத் தோட்டம் மாதிரி தெரியோணும்னா இதுக்கு எதிரா செய்யோணும். எல்லாம் தெளிவா இருக்கோணும், மங்கல் ஆகாது. கேமரான்னா லென்சோட தொறப்ப எஃப் பதினாறு மாதிரி சின்னதா வெச்சுக்கிட்டு, போக்கஸ மாத்தி மாத்தி பத்து படம் எடுத்து ஒட்டுக்கா சேக்கோணும். போன்லயே எடுக்கலாம், சென்சார் குட்டியா இருக்கறதால தெளிவு அதிகம். இன்னொண்ணு, மேல இருந்து எடுக்காதீங்க. மேல இருந்து பாக்கறது பொம்மையப் பாக்கற பார்வை. போனத் தலைகீழாப் புடிச்சா லென்சு தரைக்கிட்ட வந்துரும், மாட்டுக் கண்ணு ஒசரத்துல வெச்சு எடுங்க. லைட்டு ஒண்ணே ஒண்ணு, தூரமா, ஒரு பக்கமா. வெயிலு ஒண்ணுதான, ரெண்டு நெழலு விழுந்தா யாரும் நம்ப மாட்டாங்க. காலைல ஏழு மணிக்கு வாசல்ல வெச்சு எடுத்தா லைட்டே வேண்டாம்.

*

உடுமலைங்க நான். நம்ம பக்கம் இது புதுசே இல்லீங்களே. சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு பொங்கல் சமயம் போயிப் பாருங்க, மாடு கன்னு நல்லா இருக்கோணும்னு வேண்டிக்கிட்டு மண்ணுல செஞ்ச உருவாரத்தக் கொண்டு வந்து வெச்சிருப்பாங்க, வரிசை வரிசையா. எங்கப்பா ஒரு வருசம் செனை மாடு எந்திரிக்காமக் கெடந்தப்போ வேண்டிக்கிட்டு, அது கன்னு போட்டதும் ஒரு மாடும் கன்னும் வாங்கி வெச்சாரு. அந்தக் கன்னு உருவாரம் என்ற உள்ளங்கைக்குள்ள அடங்கிச்சு, நாந்தான் கோயில் வரைக்கும் புடிச்சுட்டு வந்தேன், பஸ்சுல ஒடஞ்சிருமோன்னு மூச்சே விடல. அப்பறம் பட்டிப்பொங்கலுக்கு சாணியில வரப்பு கட்டி தெப்பக்குளம் செய்யறமே, தண்ணி ஊத்தி ஆவாரம்பூ பூளைப்பூ வெச்சு, கடைசியில மாட்ட உட்டு மிதிக்க வெக்கறமே, அதும் ஒரு குட்டிக் குளந்தான. அவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டறது மிதிபடறதுக்குன்னே கட்டறது. எனக்கு சின்னப் புள்ளையில அழுகாச்சியா வரும்.

*

காங்கேயத்துக்காரந்தான் மறுபடியும். எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. கோபி அக்கா எழுதுனத எங்கம்மாகிட்ட படிச்சுக் காமிச்சேன், அவங்க போயி பரண்ல இருந்த அவங்க சொப்ப எறக்கிட்டாங்க.

வாரிய ஒடைச்சு சரிவா மாத்திட்டேன். பொள்ளாச்சி அண்ணா சொன்ன மாதிரி காலைல பொடக்காலியில வெச்சு, போனத் தலைகீழாப் புடிச்சு, மாட்டுக் கண்ணு ஒசரத்துல எடுத்தேன். மேசை மேல வெச்சுப் பாக்கறப்போ தெரியாத ஒரு விசயம் படத்துல தெரிஞ்சுது, வடக்கயிறு மாட்டு முதுகுக்கு மேல தொங்கறது. நெசத்துல அது அப்புடி நிக்காதுன்னு எனக்கே பட்டுச்சு. அப்புச்சிகிட்ட காமிச்சா, "வடத்து மேல ஆளு உக்காந்தா கயிறு தானா தாழும், கவலை ஓட்டறவன் எங்க?"ன்னு கேட்டாரு. ஆள செய்யோணும்னே எனக்குத் தோணல பாருங்க, மூணு மாசம் மாடு, கயிறு, கட்டைன்னே போயிருச்சு. இப்போ ஆள் செஞ்சுட்டு இருக்கேன், ஆறு இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. திருப்பூர் அக்கா சொன்ன மல் வேட்டித் துணியிலதான் கோமணமும் தலைக்கட்டும். மொகம் யார் மாதிரின்னு சொல்ல வேண்டியதில்ல.

ஒரே ஒரு கொறை அப்புச்சிக்கு. சத்தம் இல்லையாம். உருளை கிரீச்சுன்னு கத்தறது மூணு தோட்டம் தாண்டிக் கேக்குமாம், அத வெச்சுத்தான் யாரு கவலை பூட்டிட்டாங்கன்னு படுக்கையிலயே தெரியுமாம். என்ற உருளை ரெண்டு இஞ்சு, சுத்துனா சத்தமே வரல, அச்சு கம்பிய சொரசொரப்பா ஆக்கிப் பாத்தேன், எலி கத்தற மாதிரி கீச்சுங்குது. உருளை பெருசா இருந்தாத்தான் அந்த கனமான சத்தம் வரும் போல. மரம் மாத்தணுமா, அச்சுக்கு வேற ஏதாச்சும் தடவணுமா, இல்ல பக்கத்துல எங்கயாச்சும் பழைய உருளை இருந்தா அதச் சுத்தி ரெக்கார்டு பண்ணி உள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர் வெக்கலாமா? வீட்டுப் பரண்ல, தோட்டத்துச் சாளையில அந்த மாதிரி உருளை யாராச்சும் வெச்சிருந்தா சொல்லுங்க, நானே வந்து பதிவு பண்ணிக்கறேன்.