முதலில் கூட்டாளிகளைத்தான் பிரித்தான்

என் அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது நடந்தது. ஊர் திருப்பூர். சித்திரை வெயிலில் முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். வெயிலுக்காகப் போடுகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவளோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காரும் ஒடியாப் பெண் ஒருத்தி உண்டு. அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை. அவள்தான் ஒருநாள் கடைக்கு வந்து, "சித்தி, அவ என்கூடப் பேசறதே இல்ல. நோட்டு மட்டும் குடுத்துட்டு வர்றேன். அவ கையைப் பாருங்க. ஆனா சத்தம் போடாதீங்க" என்றாள்.

அன்று ராத்திரி தலைக்கு எண்ணெய் வைக்கிற சாக்கில் கையை மடித்துவிட்டுப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே நான்கு விரல் பதிந்த தடம், பச்சையும் மஞ்சளுமாக. பின்பக்கம் கட்டைவிரல்.

அவள் காதலித்த பையனுக்கு 19 வயது. காலேஜ். அடி கடைசியில்தான் வந்திருக்கிறது. ஆறு மாதம் முன்பே, 'அந்த ஹிந்திக்காரி சகவாசம் வேண்டாம்' என்று ஆரம்பித்திருக்கிறான். அவள் ஒடியா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அப்புறம் டியூஷன் பிள்ளைகள். அப்புறம் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்ட். வீட்டில் இருக்கிறேன் என்றால் சுவர்க் கடிகாரம் தெரிய போட்டோ அனுப்ப வேண்டும். "அவ்வளவு அக்கறைன்னு நெனச்சேன் சித்தி" என்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

விஷயம் தெரிந்ததும் அக்கா போனைப் பிடுங்கினாள். பள்ளிக்கூடத்தையும் நிறுத்தப் போகிறேன் என்றாள். அன்று அவளோடு பெரிய சண்டை போட்டேன். அவன் பாதி செய்து வைத்ததை நாமே முடித்துக் கொடுப்பதா? அவன் மிரட்டிய மெசேஜ் எல்லாம் அந்தப் போனில்தானே இருக்கிறது! எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசினோம். படங்களை வெளியே விடுவேன் என்று வேறு எழுதியிருந்தான். "பேரு கெட்டுடும்" என்று அக்கா அழுதாள். போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தில், வழக்கு என்றால் பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ பத்திரிகையில் போடுவதே குற்றம் என்று தெரிந்த பிறகுதான் புகாருக்குச் சம்மதித்தாள்.

இப்போது இரண்டு பேரும் பழையபடி சேர்ந்து பள்ளிக்கு நடக்கிறார்கள். முதல் வாரம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லையாம், சும்மா நடந்தார்களாம்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவன். பிளஸ் டூ படிக்கும்போது, பஸ்ஸில் நான் காதலித்த பெண் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று கேட்டு, பஸ் ஸ்டாண்டில் அவள் பையைப் பிடுங்கி வீசினேன். டிபன் பாக்ஸ் திறந்து தயிர்சோறு ரோட்டில் கொட்டியது. கூட இருந்த நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும் குனிந்து டப்பாவை எடுத்து, தன் கர்சீப்பால் துடைத்து அவளிடம் கொடுத்தான். "இனிமே என்கூடப் பேசாதடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். மற்றவர்கள் சிரித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் பேசாமல் இருந்த மாதங்களில்தான் உறைத்தது. அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிரில் வந்து நிற்பதே அவளுக்குப் பயம்.

*

நானும் ஒரு பெண்தான்; நான் காதலித்தது ஒரு பெண்ணை. அவள் அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வேன்? வீட்டில் சொன்னால் அடியைப் பற்றியா கேட்பார்கள்? "உங்கப்பாகிட்டச் சொல்லிடுவேன்" என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வருஷம் என்னைக் கட்டி வைத்திருந்தாள்.

படத்துக்குப் பயந்து கிடக்கும் பிள்ளைகளுக்காக ஒன்று எழுதுகிறேன். 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023-லிருந்து இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம் போனிலேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாகி, அந்த எண் மட்டும்தான் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரியான இடங்களில் படத்தைத் தேடி எடுப்பார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. விடிகாலை மூன்று மணிக்குப் போர்வைக்குள் உட்கார்ந்து அதைச் செய்தேன். அப்புறம்தான் என் தோழிக்குப் போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.