வெளிநாட்டில் படித்தபோது நேர்ந்து, இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு சந்திப்பு: வடசென்னைக்காரர்கள் பகிரலாம்

தண்டையார்பேட்டைக்காரன்

ஜெர்மனிக்குப் போனவர்களுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து, மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு அது. அந்தத் தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்த பிறகு விண்ணப்பித்தவன் நான். துறைமுகத்தில் வேலை செய்யும் அப்பா அதை எப்படித் திரட்டினார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், மாதந்தோறும் கைக்கு வரும் 992 யூரோவில் எதை வாங்கினாலும் அவரிடம் காட்டிவிட்டே வாங்குவது எனக்கு வழக்கமாகியிருந்தது.

நவம்பரில் குளிர்கால ஜாக்கெட் வாங்கப் போன கடையிலும் வீடியோ அழைப்பில் வீட்டைப் பிடித்தேன். சென்னையில் அப்போது இரவு எட்டரை மணி. அப்பா சாப்பிட்டுக்கொண்டே, தையலைக் காட்டு, ஜிப்பை இழுத்துப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் விற்பனையாளராக நின்ற அம்மையாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெகுநேரம் பொறுமையாக நின்றவர், அப்பாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, "குளிரப் போவது உங்களுக்கா, அவருக்கா?" என்று என்னைக் கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. விடை தெரிந்துகொள்ளவே கேட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். "அப்பா, அப்புறம் பேசுகிறேன்" என்று இணைப்பைத் துண்டித்தேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவர் என்னைப் பார்த்த பார்வை திரை அணைவதற்குள் தெரிந்துவிட்டது. அதன்பின் குடியிருப்புப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வாடகை ஒப்பந்தம் என எத்தனையோ காரியங்களை யாரையும் கேட்காமல் முடித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட இப்படி நினைவில் தங்கவில்லை.

காசிமேட்டுப் பெண்

பிரிட்டனில் முதுகலை படித்தேன். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதால், கிடைத்த வேலையை விட மனம் வராது. எனக்குக் கிடைத்தது ஒரு பல்பொருள் அங்காடியின் மீன் பிரிவு. என் அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்றுத்தான் என்னை வளர்த்தார். ஆனால் வீட்டில் அரிவாள்மனையைத் தொட ஒருநாளும் என்னை விட்டதில்லை. "படிக்கிற கைக்கு இந்த நாத்தம் வேணாம்" என்பார்.

கவிச்சி போகக் கையை எலுமிச்சையால் தேய்த்துவிட்டு வகுப்புக்குப் போவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒருநாள் கானாங்கெளுத்தியைச் செவுள் நீக்கிக் கீறிக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். "என் அம்மா" என்றேன். உண்மையில் அம்மா எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. திண்ணையில் புத்தகத்தை விரித்துவைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வாடகைக்கு உதவிய அந்த வேலையைப் பற்றி அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. நூலகத்தில் வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பெரம்பூர் ஓய்வூதியர்

முதலில் எழுதிய தம்பியின் முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. பணம் கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்குவது அடிமைத்தனம் ஆகாது. கடைக்கார அம்மையாருக்கு நம் வீட்டுக் கணக்கு தெரியாது. என் மகன் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட அன்று மீனம்பாக்கத்தில் உள்ளே நுழைந்தவன் திரும்பியே பார்க்கவில்லை. அதைத்தான் நான் மறக்கவில்லை. அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தை எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும், வடசென்னையில் பாதி வீடுகளுக்குப் பத்திரம் தாத்தா பெயரிலேயே கிடக்கும் என்பதால் அதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி பணம் கைமாறிய நாளிலிருந்தே ஏறும். அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுவது நல்லது. வருமான வரியில் கல்விக்கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு, அசலுக்கு இல்லை. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே. ஜெர்மனி போகிறவர்கள், கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். 2022 நவம்பர் முதல் அது இல்லாமல் பொதுவாக மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க இயலாது. இரண்டாவதாக எழுதிய பெண்ணும் தன் கடன் விவரத்தைச் சொன்னால் வழி சொல்வேன்.

தண்டையார்பேட்டைக்காரன்

ஐயா, அப்பாவைக் கேட்பது அடிமைத்தனம் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவரைக் கேட்காமல் இருந்ததைப் பற்றியும் நான் வருந்தவில்லை. அவர் முகம் மாறியதைத்தான் எழுதினேன்.

காசிமேட்டுப் பெண்

பெரியவருக்கு வணக்கம். என் கடன் ஏழரை லட்சத்துக்குள் அடங்கியது. மீதிக்கு அம்மாவின் நகைகள் அடகுக்கடைக்குப் போயின, அவற்றை நானே மீட்டுக் கொடுத்துவிட்டேன். ஆகவே கடனுக்கு வழி வேண்டியதில்லை. மீன் வெட்டிய கதையை அம்மாவிடம் சொல்லலாமா, சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றித் தாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே.